மார்னியின் கைக்கு முப்பத்தாறு கீ

டாரியோ பெல்லுக்கி ஆறு வருஷத்தில் பதினொரு கீபோர்டு செய்திருந்தான். அவற்றில் அவன் உருப்படியாக எழுதியது என்ன என்று கேட்டால், சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கும் பழுப்பு நரியைப் பற்றிய ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். இருபத்தாறு எழுத்தும் அதில் வந்துவிடும் என்பதால், கீபோர்டைத் தாமே செய்துகொள்ளும் அவன் கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் அடித்துப் பார்ப்பார்கள். நரி குதித்தது என்றால் கீபோர்டு நன்றாக இருக்கிறது. பிறகு அதைப் பிரித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள்.

ராச்செஸ்டர் நகர நூலகத்தின் இரண்டாவது மாடியில் மாதத்தின் முதல் சனிக்கிழமை இவர்கள் கூடுவார்கள். நீள மேஜைகளில் இரண்டு பாதியாகப் பிரித்த கீபோர்டுகள் இருக்கும். இடது கைக்கு ஒரு பாதி, வலது கைக்கு ஒரு பாதி, நடுவே ஒரு கேபிள். கீ மூடிகளில் எழுத்தே இருக்காது. எந்த எழுத்து எங்கே என்பது செய்தவனுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அதை அங்கே வைத்தவன் அவன்தான். கடைக் கீபோர்டின் வரிசை எப்போதோ யாரோ ஒரு தட்டச்சு இயந்திரத்துக்காக வைத்தது, அதற்கு நம் விரல் ஏன் வளைந்து கொடுக்க வேண்டும் என்பது இவர்கள் கட்சி. அடுத்தவர் கீபோர்டைக் கேட்காமல் தொடக் கூடாது. கேட்டுவிட்டுத் தொட்டாலும் திரையில் வருவது குப்பைதான்.

டாரியோவுக்கு வேலை நகரத் தண்ணீர் அலுவலகத்தில், மீட்டர் பிரிவில். அங்கே அவனுக்குப் பெரிய பெயர் கிடையாது. இங்கே உண்டு. முப்பத்தாறு கீயில் எல்லாவற்றையும் அடக்கியவன், வாரத்துக்கு மூன்று முறை வரிசையை மாற்றிப் பார்ப்பவன் என்ற பெயர். மற்றவர்கள் தலை சீவிக்கொள்வது போல அவன் கீயை இடம் மாற்றுவான். மாற்றியது அவனுக்கே நினைவிருக்காது, விரல் தானாகப் பழகிக்கொள்ளும்.

நவம்பர் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டியிருந்தாள். மேஜை மேஜையாகப் பார்த்துவிட்டு டாரியோவின் முன் வந்து நின்றாள்.

"இதுல எது வலிக்காது?"

"எந்தக் கை? எந்த விரல்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடிப்பீங்க?"

"அடேயப்பா, டாக்டர்கூட இவ்வளவு கேக்கல."

மார்னி ஓஸ்டர்ஹவுட் என்று பெயர் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் காது கேளாத மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் யார் என்ன பேசினாலும் அதே நேரத்தில் அடிப்பது அவள் வேலை. மாணவன் அதைத் திரையில் படிப்பான். பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறாள். அதில் கடைசி ஐந்து வருஷம் ஆன்செல் பிரெவிட் என்ற ஒரே பையனுக்கு. பதினாறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவனுக்குக் காது போனது, பேச்சு மிஞ்சியது. இப்போது பனிப்பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து முடித்திருந்தான்.

"மார்ச் இருபத்தெட்டு அவனுக்கு வாய்மொழித் தேர்வு. அஞ்சு பேராசிரியர் மூணு மணி நேரம் குடைவாங்க. ஒரு கேள்வி தப்பாத் திரையில வந்தா அவன் தப்பா பதில் சொல்லுவான். அவ்ளோதான், ஆறு வருஷப் படிப்பு போச்சு. என் கை இருபது நிமிஷத்துக்கு மேல தாங்கல. டாக்டர் வேலைய விடுன்னுட்டாரு."

"வேற ஆள் இல்லையா?"

"ரெண்டு பேர் இருந்தோம். இன்னொருத்தி வெயில் காய அரிசோனா போயிட்டா. புதுசா ஒருத்தி வந்து உக்காந்தா, அந்தப் பாறை பேரையெல்லாம் கேட்டுட்டு முழிப்பா. நான் அவன்கூட அஞ்சு வருஷம் படிச்சிருக்கேன். படிக்கல, அடிச்சிருக்கேன்."

டாரியோவுக்கு ஒரே குஷி. ஆறு வருஷத்தில் முதல் முறையாக ஒருத்தி நரியைத் தாண்டி எதையோ அடிக்கக் கேட்கிறாள். மூன்றே வாரத்தில் செய்து கொடுத்தான். கோடிக்கணக்கான ஆங்கில வார்த்தைகளை அலசி எடுத்த புள்ளிவிவரத்தை வைத்து, அதிகம் வரும் உயிரெழுத்துகளையெல்லாம் வலது கை விரல்கள் சும்மா இருக்கும்போது தங்குகிற இடத்திலேயே வைத்தான். கூட்டத்தில் காட்டினான், எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு வாரம் கழித்து மார்னி அதைக் காய்கறிப் பையில் போட்டு எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"இது யாருக்குச் செஞ்ச கீபோர்டு?"

"உங்களுக்குத்தான்."

"நான் இப்படி அடிக்கறதே இல்லையே கண்ணு. வியாழக்கிழமை வகுப்புக்கு வந்து பாரு."

போனான். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பேராசிரியர் வாயைத் திறந்ததும் மார்னியின் விரல்கள் ஓடத் தொடங்கின. அவள் எந்த வார்த்தையையும் முழுதாக அடிக்கவில்லை. இரண்டு மூன்று மெய்யெழுத்தைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள், லேப்டாப் அதை முழு வார்த்தையாக விரித்தது. டாரியோ பாடுபட்டு நடு இடத்தில் உட்கார்த்தி வைத்த உயிரெழுத்துகளை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உலகத்திலுள்ள புத்தகங்களையெல்லாம் எண்ணியவன், இவள் விரலை எண்ணாமல் விட்டுவிட்டான். கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆனால் அவனை அசத்தியது அது இல்லை. வகுப்பு முடிந்ததும் அவளிடம் கேட்டான்.

"அந்த மூணாவது படத்தைக் காட்டி என்னவோ சொன்னாரே, என்ன அது?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அடிச்சிட்டிருந்தேன்."

விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தான். இல்லை, உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. ஐம்பது நிமிஷப் பேச்சு அவள் காதில் நுழைந்து விரல் வழியாகத் திரைக்குப் போயிருக்கிறது, நடுவில் எங்கேயும் தங்கவில்லை. பக்கத்தில் ஆன்செல் அதைப் படித்து, குறிப்பெடுத்து, சந்தேகமும் கேட்டுவிட்டான். டாரியோ வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மீட்டர் படிக்கப் போகும் வீடுகளில் குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதை அவன் தினம் பார்க்கிறவன். ஒரு மனுஷிக்குள் இப்படி ஒன்று ஓடும் என்று அவன் நினைத்ததில்லை.

அதன் பிறகு அவளைக் கேட்டுக்கொண்டு அவள் லேப்டாப்பில் ஒரு எண்ணியைப் போட்டான். என்ன அடித்தாள் என்று அது பார்க்காது, எந்தக் கீ எத்தனை முறை, எதற்குப் பிறகு எது என்று மட்டும் எண்ணும். இரண்டு வாரத்தில் மூன்று லட்சம் தட்டல் சேர்ந்தது. அதை வரைபடமாக்கினான், அதிகம் தட்டிய கீ சிவப்பு, தட்டாதது நீலம். சமையலறை மேஜையில் சூப்பை வைத்துக்கொண்டு பார்க்க உட்கார்ந்தவன் சூப் ஆறி ஆடை கட்டும் வரை எழுந்திருக்கவில்லை. வலது ஆள்காட்டி விரல் இரண்டு ஆள் வேலை பார்த்தது. தப்பை அழிப்பதற்கு வலது சுண்டுவிரல் ஒவ்வொரு முறையும் மூலைக்கு ஓடி ஓடித் திரும்பியது, வலி அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். ஐந்து வருஷமாகப் பனிப்பாறைப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தைகளுக்கென்று அவள் விரல்கள் தாமாகவே குறுக்குவழி போட்டு வைத்திருந்தன. அவளுக்கே அது தெரியாது. படத்தைக் காட்டினபோது, "இதெல்லாம் நானா?" என்று கேட்டாள்.

"நீங்கதான். உங்க கை. நான் ஆறு வருஷமா பண்ணதெல்லாம் விளையாட்டு, மார்னி. சத்தியமாச் சொல்றேன்."

"அழுதுடாத. செஞ்சு குடு."

இந்த முறை அவள் கையை எண்ணியபடியே செய்தான். உயிரெழுத்துகளை ஓரத்துக்குத் தள்ளினான். அழிக்கும் கீயைக் கட்டைவிரலுக்குக் கொடுத்தான். இரண்டு பாதியையும் தோள் அகலத்துக்கு விலக்கி, மணிக்கட்டு திருகிக்கொள்ளாமல் இருக்க ஓட்டுக் கூரை போலச் சாய்த்து வைத்தான். சிவப்பாக இருந்த எழுத்துகள் எல்லாம் விரல் நகராமல் தொடும் இடத்துக்கு வந்தன. மொத்தம் முப்பத்தாறு கீ. இதில் நரியை அடிக்க அவனாலேயே முடியவில்லை. அதில் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஜனவரி முழுக்க மார்னி பட்ட பாடு சொல்லி மாளாது. நிமிஷத்துக்கு நூறு வார்த்தைக்கு மேல் பாய்ந்தவள் பத்தில் வந்து நின்றாள். "என் பேரே எனக்கு அடிக்க வரல!" என்று போனில் கத்துவாள். வெளியே ஏரிப் பக்கமிருந்து வந்த பனி ஜன்னல் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தது. அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து வானொலியில் ஐஸ் ஹாக்கி வர்ணனையைப் போட்டு அதோடு ஓடிப் பழகினாள். அவ்வளவு வேகமாக வேறு யாரும் பேசுவதில்லை என்பது அவள் கணக்கு. பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாரியோ போயிருந்தபோது வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், மார்னி அடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் தலையைத் திருப்பினாள்.

"வா வா. காபில சர்க்கரை ஒண்ணா ரெண்டா?"

அவள் கை நிற்கவில்லை. திரையில் கோலும் பந்தயமும் ஒரு பிழையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. டாரியோ கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே போட்டான்.

"வலிக்குதா?" என்றான்.

"ஒரு மணி நேரமாச்சு. இல்லப்பா. வலிக்கல." அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது போல இருந்தது. அப்போதுதான் கை நின்றது.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கீ மக்கர் செய்தது, ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழுந்தது. புதன்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மார்னி கீபோர்டை டாரியோவிடம் விட்டுவிட்டுப் போனாள். அவன் சுவிட்சை மாற்றி ஈயம் பற்றவைத்தான், வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். கீபோர்டு அவன் லேப்டாப்பில் செருகியிருந்தது, கீபோர்டுக்குள்ளேயே அவன் வைத்திருந்த இன்னொரு எண்ணியில் புதுக் கணக்கு இருந்தது, பார்த்தான். இடது மோதிர விரலில் இருந்த எல் (L) எழுத்தையும் ஆள்காட்டிக்கு மேலிருந்த ஜி (G) எழுத்தையும் இடம் மாற்றினால் நூற்றுக்கு நாலு பங்கு அலைச்சல் குறையும் என்று பட்டது. மாற்றினான், கீபோர்டுக்குள் ஏற்றினான். சாயங்காலம் மார்னி வந்து, பனியில் வண்டி நடுரோட்டில் நிற்கிறது என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு அது தலை சீவின மாதிரி. வியாழக்கிழமை டாக்டர் சொன்னபடி மார்னி கைக்கு முழு ஓய்வு கொடுத்தாள், கீபோர்டைத் தொடவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. டாரியோ லீவு போட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஆன்செலின் உரை போன வாரமே முடிந்திருந்தது, அன்றைக்கு முழுக்கக் கேள்விதான். அவன் கேட்டுக்கொண்டதால் எழுத்து அவன் லேப்டாப்போடு சுவர்த்திரையிலும் ஓடும். தேர்வுக்குழுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். திரையில் முதல் வரி வந்தது. எல் வர வேண்டிய இடத்தில் ஜி. ஜி வர வேண்டிய இடத்தில் எல்.

டாரியோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். எதை மாற்றினான், எப்போது மாற்றினான் என்பதெல்லாம் அந்த நொடியில் ஞாபகம் வந்தது. சுருக்கெழுத்துகள் மாறி விழுந்ததால் லேப்டாப் அவற்றைச் சம்பந்தமில்லாத வார்த்தைகளாக விரித்தது. மார்னி அழித்தாள், அடித்தாள், மறுபடி அழித்தாள். ஆன்செல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையை இரண்டு தரம் படித்தான். "மன்னிக்கணும், கேள்வியை இன்னொரு தரம் சொல்லுவீங்களா?" என்றான். முதல் வரிசையில் அவன் அப்பா, உயரமான மனிதர், மகனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். டாரியோவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து ஓடிப் போய்க் கீபோர்டைப் பிடுங்கிச் சரி செய்யலாமா? ஐந்து பேராசிரியர்கள் முன்னாலா?

தலைவர் திருப்பிச் சொன்ன கேள்வியை ஆன்செல் சரியாகப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தான். அவன் பேசும்போது மார்னிக்கு அடிக்க வேலையில்லை. ஆனால் அவள் கை சும்மா இல்லை என்பதை டாரியோ பார்த்தான். கீயைத் தொடாமல் ஒரு நூல் மேலே விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. இடது மோதிர விரல், ஆள்காட்டி, ஆள்காட்டி, மோதிர விரல். ஜி, எல், எல், ஜி. அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரையும் திரும்பிப் பார்க்காமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல், காற்றில் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கேள்வியில் நாலு பிழை. அதற்கடுத்ததில் மூன்று. நடுவில் ஒரு முறை தடுமாறி ஆறானது, டாரியோ கண்ணை மூடிக்கொண்டான். பிறகு இரண்டு, அதன் பிறகு ஒன்று. பதினோரு மணிக்கு மேல் அவன் எண்ணுவதை நிறுத்திவிட்டான், ஏனென்றால் எண்ண ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் அழுது அழுது வாங்கின பழக்கத்தில் இரண்டு எழுத்தைப் பிடுங்கி, அத்தனை பேர் முன்னால், யாரோ பேசப் பேச, அவள் கை வேறு இடத்தில் நட்டுக்கொண்டுவிட்டது. அவன் கண்ணால் பார்த்தான். ஆனாலும் நம்ப முடியவில்லை.

பதினொன்றரைக்குக் கால் மணி நேரம் இடைவேளை விட்டார்கள். டாரியோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினான். மார்னி ஜன்னலோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மார்னி, நான்தான், புதன்கிழமை..."

"வேற எவன் செய்வான்? மூணாவது வார்த்தையிலயே தெரிஞ்சுபோச்சு."

"கைய தூக்கி நிறுத்தியிருக்கலாமே!"

"நிறுத்தறதா? அந்தாளு பேசிட்டிருந்தாருப்பா."

"குடுங்க, ஒரே நிமிஷம், பழையபடி மாத்திடறேன். நூத்துக்கு நாலு பங்கு அலைச்சல் குறையுமேன்னுதான்..."

"தொட்டே, உன் கைய ஒடிச்சிடுவேன்." சத்தம் போடாமல்தான் சொன்னாள், ஆனால் போகிற வழியில் நின்று ஒருவர் திரும்பிப் பார்த்தார். "முதல் அரை மணி உன்னைத் திட்டிக்கிட்டே அடிச்சேன். உங்க அம்மாவையும் சேத்துதான். அப்புறம் எப்பவோ திட்ட மறந்துபோச்சு. கை கத்துக்கிச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. இப்ப நீ மாத்தினா அது எங்க போகும்? ரெண்டுக்கும் நடுவுல தொங்கும்."

"உள்ள இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. மறுபடி தப்பு விழுந்தா?"

"விழுந்தா விழட்டும். நீ உக்காரு. உன் கைமேல நீயே உக்காந்துக்கோ."

அவள் உள்ளே போய்விட்டாள், டாரியோவும் பின்னாலேயே போனான். டாரியோவின் லேப்டாப்பில் பழைய வரிசை அப்படியே இருந்தது. மேஜைமேல் கீபோர்டு இருந்தது, அவள் அரங்கின் மறுபக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், கேபிளைச் செருகினால் முப்பது நொடி. ஆறு வருஷமாக, கணக்கு ஒன்று சொன்னால் அவன் கை சும்மா இருந்ததே இல்லை. லேப்டாப்பை மூடினான். நாற்காலிக்கடியில் தள்ளினான். சொன்னபடியே இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். இதைவிடக் கஷ்டமான காரியத்தை அவன் செய்ததில்லை.

அன்றைக்கு ஆன்செலுக்குப் பட்டம் கிடைத்தது, மார்னியின் கை மூன்று மணி நேரமும் தாங்கியது. ஆனால் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது.

கடைசிக் கேள்வி ஹாலோரன் என்ற பேராசிரியருடையது. வழுக்கைத் தலை, மெல்லிய குரல், மூச்சு விடாமல் பேசுகிறவர். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பனிப்பாறை எப்படிக் குவித்தது என்ற ஆன்செலின் கணக்கை எடுத்துக்கொண்டு மூன்று நிமிஷம் வளைத்து வளைத்துக் கேட்டார். திரையில் எழுத்து அவர் வாயோடு ஒட்டிக்கொண்டே போனது. "ஆக உங்க கணக்குப்படி, என் வீட்டுக்கு அடியில இருக்கற குன்று பன்னிரண்டாயிரம் வருஷமா ஒரு அங்குலம் நகரல" என்றவர், மூச்சு விடாமல், குழுத் தலைவரைப் பார்த்து, "புது நாற்காலி கேட்டு நான் குடுத்து, உங்க மேஜையில கிடக்கற ஃபைல் மாதிரி" என்றார்.

அரங்கமே சிரித்தது. ஆன்செலும் சிரித்தான், எல்லோரையும்விடச் சத்தமாக, கொஞ்சம் சுருதி விலகி. சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தியவன் சட்டென்று நின்றான். வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், திரும்பி அப்பாவைப் பார்த்தான். காது போன நாளிலிருந்து அவன் ஒரு வேடிக்கையைப் படித்து முடித்து நிமிர்கிறபோது மற்றவர்கள் சிரித்து முடித்து வாயை மூடியிருப்பார்கள், அவன் தனியாகச் சிரிப்பான். இப்போது எல்லோர் வாயும் திறந்திருந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆன்செல் மெதுவாக மார்னியைத் திரும்பிப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள், அந்த நேரத்தில் அடிக்க ஒரு வார்த்தையும் இல்லை. அவன் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான். கடைசி வரிசையில் டாரியோ, கையைத் தொடைக்கடியிலிருந்து எடுக்காமலே, மூக்கில் ஒழுகுவதைத் துடைக்காமலே, அழுதுகொண்டிருந்தான்.